ஏழாம் தொட்டியில் மூன்று இழுப்பு

நான் இரண்டு முறை பிறந்தவன். முதல் முறை மணமேல்குடி ஆஸ்பத்திரியில். இரண்டாவது முறை ஐம்பத்தாறாம் வயதில், மீசையோடு... பிரசவம் பார்த்தது ஒரு பேய். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். நான் எதையும் கூட்டிச் சொல்கிற ஆள்தான். ஆனால் இதில் கூட்டுவதற்கு எனக்கே இடம் கிடைக்கவில்லை. அத்தனையும் நடந்தது.

சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்த அணு ஆராய்ச்சி ஆலையில் எனக்கு வேலை. பெயர் சொல்ல மாட்டேன், பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. கடற்கரை மணலிலிருந்து தோரியம் பிரித்த ஆலை. முப்பது வருஷம் ஓடியது, பிறகு மூடினார்கள். மூடிய பிறகுதான் வேலையே அதிகம். ஒவ்வொரு குழாயையும் தொட்டியையும் கதிர்வீச்சு மீட்டரால் அளந்து, சுத்தம் என்று எழுத வேண்டும். அளக்கிறவன் நான்.

தொட்டிக்குள் போக ஒரு முறை உண்டு. தலை முதல் கால் வரை மூடிய பிளாஸ்டிக் உடை. கூரைத் துளை வழியாக இறங்கும் குழாயில் மூச்சுக் காற்று. இடுப்பில் கயிறு, அதன் மறுமுனை வாசலில் நிற்பவன் கையில். உள்ளே பேச்சு கேட்காது. அதனால் ஒரு இழுப்பு என்றால் ‘நலமா?’ இரண்டு, ‘நலம்’. மூன்று என்றால் ‘உடனே வெளியே வா’. கயிறு பிடித்தவன் என்ன ஆனாலும் நகரக் கூடாது.

அன்று பிடித்தவன் செந்தமிழன். என்னைவிட எட்டு வயது இளையவன். கடவுளையே தவணை முறையில் நம்புகிறவன், பேயை எங்கே நம்புவான்?

“வயித்த எக்குங்கண்ணே, ஜிப் ஏற மாட்டேங்குது.”

“இழுத்துப் போடுறா. ஒன் கல்யாணத்துல தின்னது.”

கஜா புயலுக்கு அடுத்த மாசி மாதம். பிற்பகல் 3:02. ஏழாம் தொட்டிக்குள் நுழைந்தேன். தேரையே திருப்பலாம், அவ்வளவு பெரிசு. ஜன்னல் கிடையாது. எங்கு பார்த்தாலும் தூண்.

3:10. விளக்கு அணைந்தது.

கரண்ட் போனால் எட்டு நொடியில் ஜெனரேட்டர் பிடிக்கும். எண்ணினேன். எட்டு... இருபது... நாற்பது...

காதருகே ஸ்ஸ்ஸ் என்று சீறிக்கொண்டிருந்த காற்றும் நின்றது.

உடைக்குள் மிச்சம் நான்கு நிமிட மூச்சு. கிழித்தால், வருஷக்கணக்கில் அடைந்து கிடந்த விஷக்காற்று. இரண்டு மூச்சு தாங்காது.

கயிற்றைத் தடவிப் பிடித்தேன். இழுத்தேன். வந்தது... வந்துகொண்டே இருந்தது. மறுமுனையில் ஆள் இல்லாத கயிறு அப்படித்தான் வரும்.

என் நெஞ்சு அடித்த சத்தத்தைப் படகு இஞ்சின் என்று நினைத்து, கோட்டைப்பட்டினத்து மீனவர்கள் கடலுக்குக் கிளம்பியிருப்பார்கள்.

உடைக்கு மேல் கட்டிய கடிகாரத்தில் முள் பச்சையாக... 3:12. காலையில் செல்வராணியிடம் சட்னிக்காகச் சண்டை போட்டேன். என் மனைவியிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதானா...

கயிறு இறுகியது.

ஒன்று.

இரண்டு...

மூன்று.

போனேன். தடுக்கி விழுந்தேன். கயிறு நின்றது.

எழுந்தேன். மறுபடி இழுத்தது.

நான் விழுந்தது வெளியே எப்படித் தெரியும்?

3:15. வெளிச்சம்... மயக்கம்.

கண் விழித்தபோது செந்தமிழன் என் உடையைக் கிழித்துக்கொண்டிருந்தான். “நான்தாண்ணே இழுத்தேன்” என்றான். ஆபீசில் அவனுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். செல்வராணி பொங்கலுக்குப் பொங்கல் வேட்டி எடுத்துக் கொடுத்தாள். நான் மட்டும் “அது ஒன் கையில்லடா” என்பேன். “வெசக்காத்து மூளைக்கு ஏறுனா அப்புடித்தாண்ணே தோணும்” என்பான்.

இந்தப் பொங்கலுக்கு அவன் வேட்டியை வாங்கவில்லை.

“கரை பிடிக்கலையா தம்பி?” என்றாள் செல்வராணி.

“அது இல்லங்கண்ணி.” அவன் என்னைப் பார்க்கவில்லை. “நான் இழுக்கல. கரண்ட் போயி கதிர்வீச்சு அலாரம் அடிச்சதும் கயித்தப் போட்டுட்டு ஓடிட்டேன். புள்ளைக ஞாபகம் வந்துருச்சு. வராண்டா முனையில நின்னுதான் திரும்பிப் பாத்தேன்.”

“என்னத்தடா பாத்த?”

“கயிறு வெளிய வந்துக்கிட்டு இருந்துச்சுண்ணே. தரையில வளையம் வளையமா... ஒண்ணு மேல ஒண்ணா, ஒழுங்கா விழுந்துச்சு. இழுக்குற ஆள மட்டும் காணோம். நீங்க வந்து விழுந்த பெறகுதான் கிட்ட வந்தேன்.”

வேட்டியைத் தட்டோடு என் பக்கம் தள்ளினான்.

“நீங்க சொன்னது நடந்ததுதாண்ணே.”