தங்கப்பழம் வந்த வெள்ளிக்கிழமை

சண்முகையா சரியாகச் சாப்பிட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. தட்டை முன்னால் வைத்தால் பார்ப்பான். எடுத்துவிட்டால் தட்டு இருந்த இடத்தைப் பார்ப்பான். எண்பத்திரண்டாம் வருஷம் ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த பையன். பரீட்சைப் பயம் என்றுதான் சங்கரன்கோவிலில் அவர்கள் தெரு முதலில் சொன்னது. அம்மா ஆறுமுகத்தாய் கோயில் புற்றுமண்ணைக் கரைத்துக் கொடுத்தாள். கேட்கவில்லை. டாக்டர் டானிக் எழுதினார். அதற்கும் கேட்கவில்லை. "இது வேற என்னமோ பிடிச்சிருக்கு" என்று தெரு முடிவு செய்துவிட்டது.

பிடித்தது என்னவென்று சண்முகையாவுக்குத் தெரியும். எதிர்வீட்டு வீரபாண்டி ஞாயிற்றுக்கிழமை பம்பாய்க்குப் போகிறான், மாமா கடைக்கு. அவ்வளவுதான் விஷயம்.

வீரபாண்டி வீட்டில் விசைத்தறி ஓடியது. அந்தக் கொட்டகையில் பேச்சு காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வருஷமாகச் சண்முகையா புத்தகமும் கையுமாக அங்கே போய் வீரபாண்டியின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தை மாதம் ஒரு நாள், அறுந்த இழையை முடிந்துவிட்டு நிமிர்ந்த வீரபாண்டி, "ஒன்னய விட்டுட்டு என்னால இருக்க முடியாதுல" என்றான். சத்தம் எதுவும் வரவில்லை. சண்முகையா தலையை மட்டும் ஆட்டினான். அதன்பிறகு யாரும் இல்லாத நேரங்களில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பையனும் பெண்ணும் இப்படி உட்கார்ந்தால் ஊர் உதைக்கும், ஆனால் காதல் என்றாவது சொல்லும். இவர்களைச் சொல்ல ஊரிடம் வசவைத் தவிர வேறு சொல் இல்லை.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் கோடாங்கி மூக்காண்டி பேயோட்ட உடுக்கையோடு வந்தார். "திமிறினா அமுக்கிப் பிடிக்க ஒரு எளவட்டம் வேணும்" என்றார்.

"நம்ம வீரபாண்டி இருக்கான்லா. ரெண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி" என்றாள் ஆறுமுகத்தாய்.

வீரபாண்டி பின்னால் நின்று தோளைப் பிடித்தான். தெரு முழுக்க வாசலில் கூடிவிட்டது.

"யாரு நீ? பேரச் சொல்லு. பேரச் சொல்லாம விடமாட்டேன்." வேப்பங்குழை முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. சண்முகையாவுக்கு வலி தெரியவில்லை. பெயர் நாக்கிலேயே இருந்தது. சொல்லிவிட்டால் தன்மேல் விழும் அடி நின்றுவிடும். பிறகு அது வீரபாண்டிமேல் விழும்.

"சொல்லுதியா, சூடு போடவா?"

"தங்கப்பழம்" என்றான் சண்முகையா.

தெருக்கோடியில் இருக்கும் பேச்சித்தாயின் மகள் தங்கப்பழம். கட்டிக்கொடுத்த ஊரில் போன வருஷம் கிணற்றில் மிதந்தாள். தவறி விழுந்தாள் என்று புருஷன் வீட்டார் சொன்னார்கள். ஊரும் அதையே சொன்னது. அதற்குமுன் உடம்பெல்லாம் காயத்தோடு அவள் தாய்வீட்டுக்கு ஓடிவந்தபோதெல்லாம், பொறுத்துப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பியது இதே தெருதான். உயிரோடு இருந்தவரை அவள் சொன்னதைக் காதில் வாங்காத ஆட்கள், இப்போது அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க முண்டியடித்தார்கள்.

"எதுக்குட்டி வந்த? என்ன வேணும்?" என்றார் மூக்காண்டி.

"சேலை கேப்பா பாரு" என்றது ஒரு குரல்.

"செருப்பு கேட்டாலும் கேப்பா, புருஷன அடிக்க" என்றது இன்னொன்று.

மூக்காண்டி சண்முகையாவின் உச்சிமயிரில் ஒரு பிடியை அறுத்தார். புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தால் பேய் அங்கேயே கிடக்கும் என்பது கணக்கு. அப்போதுதான் பேச்சித்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, ஆணி அடிச்சிராதிய. எம்பிள்ள பட்டது போதும்."

"பேய விட்டுவைக்கச் சொல்லுதியா?"

"பேயில்ல, எம்மக."

அவளை இழுத்து அப்பால் விட்டார்கள். ஆணி இறங்குகிற சத்தம் உள்ளே வரை கேட்டது. வீரபாண்டி கையை எடுத்துக்கொண்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் போனான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டான். சண்முகையாவுக்கு அழுகை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஆறுமுகத்தாய் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பேச்சித்தாய் தூக்குச்சட்டியோடு வந்தாள். சோறும் கருவாட்டுக் குழம்பும்.

"அவ போயிட்டாளா ஐயா, இல்ல கொஞ்சமாது இருக்காளா? கருவாடுன்னா அவளுக்கு உசிரு. நீ ஒரு வாய் தின்னா அவளுக்குச் சேந்துரும்."

சண்முகையா சோற்றைப் பார்த்தான்.

"அவ வரல பெரியம்ம. நாந்தான் பொய் சொன்னேன்."

மூடியைக் கையில் வைத்தபடி அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் அடிக்கட்டும்.

"அப்ப அவ வரவே இல்லியா?"

"இல்ல."

"செத்தவ பேர எதுக்குல இழுத்த?"

"நெசப் பேரச் சொல்ல முடியல."

"யாரு பேரு?"

"வீரபாண்டி."

பேச்சித்தாய் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள். மூடியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பய ராஜபாளையம் பஸ்சுல ஜன்னலோரம் உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தான். ஏம்லன்னு கேட்டேன். பல்லு வலிக்குன்னான்" என்றாள்.

சண்முகையா கேட்டுக்கொண்டான். உள்ளே எதுவும் அசையவில்லை.

"ஒங்கம்மைட்டச் சொல்லிராத. கொன்னு போடுவானுவ" என்றாள் அவள். "அது எம்மக பேருலயே இருந்துட்டுப் போட்டும். அவளுக்கு இனிமே என்ன வந்திரப்போவுது."

தூக்குச்சட்டியை அவன் பக்கம் தள்ளினாள். அவன் ஒரு வாய் எடுத்து வைத்தான். ருசி தெரியவில்லை. மென்றான்.