அமாவாசையைத் தொட்டு வந்த புயல்

பேசாலையில் கருவாடு காயவைத்துப் பிழைத்த பெற்றிசியாவுக்குக் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அதனால்தான் 1998இல் மாதா கோயில் பங்குச் சுவாமி, கறையான் அரித்த மரணப் பதிவேடுகளைப் புதுக் கொப்பிகளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக்கொண்டு போகையில் சில பக்கங்களில் அவள் கை நின்றது. ஒரே நாளில் ஏழு பேர். இன்னொரு நாளில் பதினொரு பேர். பக்கத்தில் 'புயல்' என்ற ஒரு சொல்.

அறுபது வருடத்தில் ஒன்பது புயல்கள். நிலவைப் பார்த்துக் கடலுக்குப் போகும் ஊரில் பிறந்தவளுக்கு ஒரு கேள்வி எழுந்தது: அந்த நாட்களில் நிலவு எப்படி இருந்திருக்கும்?

மன்னார் நகரத்துக் கடைக்காரர் சரவணமுத்து தகப்பன் காலத்துப் பஞ்சாங்கங்களையும் அலுமாரியில் வைத்திருந்தார். யுத்தகாலத்து இரண்டு சோதனைச் சாவடிகளில் பொதியை அவிழ்த்துக் காட்டி அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முதல் மூன்று புயல்களும் பூரணையை அல்லது அமாவாசையை ஒட்டியே வந்திருந்தன.

"இஞ்சேருங்கோ, நிலவுதான் புயலைக் கொண்டு வருது!" என்று கணவன் சிங்கராசாவிடம் ஓடினாள்.

நாலாவது புயல் அட்டமியில் வந்திருந்தது. ஐந்தாவதும் அப்படியே. இரண்டு நாள் அவள் கொப்பியைத் தொடவில்லை. மூன்றாம் நாள், செத்த இடம் எழுதியிருந்த நிரலில் வேறொன்று கண்ணில் பட்டது. அட்டமிப் புயல்களில் செத்தவர்கள் நடுக்கடலில் போனவர்கள். கரையில் வீட்டோடு போனவர்கள் எல்லாரும் பூரணை, அமாவாசையை ஒட்டிய புயல்களில் போனவர்கள்!

"காத்து எந்த நாளும் வரும். அந்த நாளுகளிலை கடலும் பெருகி நிக்கும்; அப்ப வந்தால்தான் தண்ணி ஊருக்குள்ளை ஏறுது!" என்று மறுபடி கணவனிடம் ஓடினாள்.

2000ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் 26 காலை, கிழக்கே புயல் நெருங்குவதாக வானொலி சொன்னது. முதல்நாள்தான் அமாவாசை. பெற்றிசியா, வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் அருட்பிரகாசத்திடம் ஓடினாள்.

"வள்ளங்களைப் பனையடிக்கு மேலை ஏத்துங்கோ!"

"நான் காணாத புயலே பிள்ளை? இறுக்கிக் கட்டினால் போதும்."

"அறுபத்திநாலிலையும் கட்டித்தானே வச்சனீங்கள்? அது பூரணை கழிஞ்சு மூண்டாம் நாள்."

அந்தப் புயலில் தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

கடற்கரையில் சனம் திரள்வதைக் கண்ட கடற்படைக் காவலாள் துப்பாக்கியோடு மறித்தான். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பெற்றிசியா கத்தினாள்: "ஈயே அமாவக, மாத்தயா! முஹுத கொடட எனவா!" நேற்று அமாவாசை ஐயா, கடல் கரைக்கு வருகிறது என்று.

அவனும் ஏதோ ஒரு கடற்கரையில் பிறந்தவன்போலும். கடலை ஒருமுறை பார்த்தான். முகாம் கந்தோருக்குத் தகவல் சொல்லிவிட்டு வந்து, தானும் கயிற்றைப் பிடித்தான்.

பின்னேரத்துக்குள் முப்பத்தொரு வள்ளங்கள் மேலேறின. கரையோர வீட்டுக்காரர் எல்லாரும் கோயிலுக்குள் போய்விட்டார்கள்.

மறுநாள் விடியற்காலை காற்று கூரைகளைப் பிடுங்கியது. வெளிச்சம் வந்தபோது, வள்ளங்கள் வழக்கமாகக் கிடக்கும் இடத்தில் இடுப்பளவு தண்ணீர் புரண்டுகொண்டிருந்தது. பனைகளுக்கு நாலு முழம் முன்னால் கடல் நின்றுவிட்டது. கோயிலில் தலைகளை எண்ணினார்கள்; கணக்குச் சரியாக இருந்தது.

"ஒருத்தரும் போகயில்லை! ஒருத்தரும் போகயில்லை!" என்று மழைக்குள் கத்திக்கொண்டே பெற்றிசியா வள்ளம் வள்ளமாகத் தொட்டுக்கொண்டு ஓடினாள்.