அமீன் நானாவின் கறுப்புக் குட்டி

சிலாபம் மீன் சந்தையில் நிற்கும்போதுதான் அழைப்பு வந்தது. "டொக்டர், எங்கட அமீன் மச்சான் மௌத்தாகிட்டார்" என்று உடைந்த குரலில் சொன்னவர் மதுரங்குளி சலீம். மீனையும் வாங்காமல் அப்படியே நின்றுவிட்டேன். அந்த மரணச் செய்தியைச் சலீமே சொன்னாரே என்பதில் துக்கத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. அமீன் நானாவை அறிந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

கற்பிட்டிக் கடற்கரையில் சுற்றுலா வருபவர்களுக்குக் குதிரைச் சவாரி விட்டவர் அவர்; ஊருக்கே நானா, அதாவது அண்ணன். மிருக வைத்தியராக நான் போன முதல் நாளே, "ஊசியக் குதிரைக்கு மட்டும் காட்டுங்க டொக்டர், எனக்குக் காட்டாதீங்க" என்று தள்ளிப்போய் நின்றார். குதிரைக்குக் காய்ச்சல் என்றால் அவருக்கும் சோறு இறங்காது.

தன் செவலைப் பெண்குதிரையை, மனைவி றஹீமாவின் தம்பி சலீமுடைய வெள்ளைக் குதிரையோடு சேர்த்தார். எங்கள் பக்கத்தில் இருந்த ஒரே வெள்ளைக் குதிரை அது. வெள்ளைக் குட்டி பார்க்க ஊரே காத்திருக்க, பிறந்ததோ கன்னங்கறுப்பு. சலீம் வேறு குதிரையை விட்டு ஏமாற்றிவிட்டார் என்று சந்தை முழுக்கக் கதை. ரோஷக்காரரான சலீம் அக்கா வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். றஹீமா அடுப்படியில் அழுவது முற்றத்தில் நின்ற எனக்கே கேட்டது.

அந்த மாதிரி வெள்ளைக் குதிரைகள் கறுப்பாகவோ செவலையாகவோ பிறந்து, வருடம் போகப் போகத்தான் நரைக்கும். தகப்பனின் அந்தக் குணம் குட்டிக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும். தாயிடம் அது இல்லாததால், குட்டியிடம் இருந்தால் சலீமின் குதிரைதான் தகப்பன். இதைச் சொன்னதும், "செய்யுங்க டொக்டர், ஊர்ட வாயப் பூட்டோணும்" என்றார் நானா.

பிடரி முடி கொஞ்சம் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் முடி இறக்கும் ஒஸ்தாவைக் கூப்பிட்டு, பிஸ்மி சொல்லி, கத்தரியால் அழகாக வெட்டி, வெள்ளைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார்! வேரோடு பிடுங்கிய முடிதான் சோதனைக்கு உதவும் என்றதும் முகம் வாடிவிட்டது. "பச்சப் புள்ளட முடிய ஆராவது பிடுங்குவாங்களா?" கடைசியில் நான்தான் பிடுங்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு குட்டியிடம் மன்னிப்புக் கேட்டார்.

வெளிநாட்டு ஆய்வுகூடத்தின் முடிவு தாமதமாகித்தான் வந்தது. நரைக்கும் குணம் குட்டியிடம் இருந்தது. சந்தோஷம் தாங்காமல் ஓடினேன். போய்ப் பார்த்தால், முற்றத்துக் கதிரையில் சலீம் உட்கார்ந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். முந்தின நாளே நானா மதுரங்குளிக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார்.

"ஒரு நாள் பொறுத்திருக்கலாமே, நானா?"

"கடுதாசி வந்த பொறகு போனா, கடுதாசியத்தானே நம்பினதா இருக்கும் டொக்டர்? மச்சானை எப்ப நம்புற?"

ஜனாஸாவுக்குப் போனபோது குட்டியைச் சலீம்தான் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் கண்ணைச் சுற்றி நரை தொடங்கியிருந்தது. "எனக்குப் போட்டியா நரைக்குது" என்று நானா சிரித்தாராம். இன்னும் சில வருடங்களில் அது முழு வெள்ளையாகிவிடும்.

சோதனைக்கு உதவாத அந்தக் கத்தரித்த முடி, துணி முடிச்சோடு என் அலுமாரியில் இருக்கிறது. கன்னங்கறுப்பு. அமீன் நானா தன் மச்சானை நம்பியபோது குட்டி அந்த நிறத்தில்தான் இருந்தது.