ஒரு சொட்டாவது விழாதா?

அட்டன் கடைவீதியில் இருக்கும் என் மளிகைக் கடை ஒரு செட்டியாரிடம் அடமானத்தில் இருக்கிறது. சென்ற வருஷம் அதன்பேரிலேயே இன்னும் கொஞ்சம் பணம் கேட்டுப் போனேன். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளைக் கடை போட ஆசை. தேயிலை விலை விழுந்து கிடந்த சமயம். உண்மையைச் சொன்னால் தரமாட்டாரோ என்று பயந்து, "கடைக் கூரை ஒழுகுதுங்க, மாத்தணும்" என்று சொல்லிவிட்டேன்.

"வந்து பாத்துட்டுத் தர்றேன்" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சரக்கு நனையுமே என்று விட்டுவிட்டேன்.

அவர் வந்த அன்று மழை கொட்டித் தீர்த்தது. அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு சொட்டாவது விழாதா என்று தவித்தேன். விழவில்லை.

"கூரை நல்லாத்தானே இருக்கு பிள்ளை? பணம் எதுக்கு? உள்ளதச் சொல்லுங்க."

தோட்டத்தின் பெயரோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அந்தத் தோட்டமா? அத மூடப் போறாங்க. அங்கத்த பெரிய கங்காணி எங்கிட்ட வந்து அழுதுட்டுப் போனாரு. ஆளுங்களை எல்லாம் ஊருக்கு அனுப்பிட்டா, கடையில வாங்கறது யாரு?"

கிளைக் கடை ஆசையை அன்றே விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் கடன் கேட்கப் போனால், எதற்கு என்பதை முதலில் சொல்கிறேன், தொகையைப் பிறகுதான். ஆனாலும் மழை வலுத்தால் என்னையறியாமல் அண்ணாந்து பார்க்கிறேன். அன்று நான் வேண்டிக்கொண்ட அந்த ஒரு சொட்டு விழுந்திருந்தால், இந்தக் கூரையே இன்று என்னுடையதாக இருந்திருக்காது.