நான் கூப்பிட்டு வந்த குருவி

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆறுமணிக்குருவி ஒன்றைப் பார்த்தேன். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வரும் பறவை. கண்ணில் படுவதே அபூர்வம். பறந்து வந்த களைப்பில் வாழைச் சருகுக்குள் புழு தேடிக்கொண்டிருந்தது. கேமராவில் படம் எடுக்கலாமென்றால் மறைவை விட்டு வெளியே வரவில்லை. போனில் அதன் குரலைத் தேடியெடுத்து, மதில்மேல் வைத்து ஒலிக்கவிட்டேன். அப்படிச் செய்யக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிவந்தவன்தான் நான்.

துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு செல்வி அக்கா, "அதோட துணைதான் கூப்புடுதுன்னு நெனச்சுக்கும் தம்பி. நிறுத்துங்க, பாவம்" என்றார்.

"ஒரே ஒரு போட்டோக்கா."

மூன்றாவது முறை ஒலித்ததும் குருவி மதில்மேல் வந்து நின்றது. எடுத்தேன். உடனே இரண்டு காக்கைகள் அதன்மேல் பாய்ந்தன. நான் ஓடி விரட்டுவதற்குள் அதன் கழுத்து தொங்கிவிட்டது. போன் மட்டும் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. செல்வி அக்காதான் வந்து நிறுத்தினார்.

அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை. இறகின் நிறமெல்லாம் துல்லியமாக விழுந்திருக்கிறது. ஆனால் குருவி கேமராவைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, போனைப் பார்க்கிறது.