உட்கார்ந்திருப்பவரின் படம்

சென்ற ஆண்டு தை பிறந்ததும் என் கணவரிடம் சொன்னேன்: "வருசம் முடியதுக்குள்ள மதுரையில தனியா ஒரு கண்காட்சி வைக்கணும். எல்லாம் ஆத்துப் படம். பத்து போதும்."

அவர் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். காலைப் பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், குனிந்து ஷூ லேஸைக் கட்டியபடியே, "பதினொண்ணாப் போடு. ஒரு டீமாச்சும் தேறும்" என்றார்.

தாமிரபரணியை நான் பல வருடங்களாக வரைந்து வருகிறேன். படித்துறை, கல்மண்டபம், அக்கரையில் நெல்வயல், அதற்குப் பின்னால் மலை. வெளியூரில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்ட வாங்கிப் போவார்கள். அதனால் எனக்குப் படம் போடத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் நான்கு படங்களைத் துணியில் சுற்றிக்கொண்டு மதுரைக்குப் போனேன். கண்காட்சிக்கூடம் நடத்தும் அம்மாள் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தார். "அழகா இருக்கு. ஆனா எல்லாத்தையும் எட்ட நின்னே போட்டிருக்கீங்க. கிட்ட போக என்ன பயம்?" என்றார். திரும்பும் பேருந்தில் கோவில்பட்டி வரைக்கும் அவர் மேல் கோபமாக இருந்தது. அதற்குப் பிறகு கோபம் போய்விட்டது, அவர் சொன்னது போகவில்லை.

மறுநாளிலிருந்து கொக்கிரகுளம் படித்துறைக்குப் போய் தண்ணீருக்கு ஒரு படி மேலே உட்கார்ந்தேன். பக்கத்தில் பார்த்தால் ஆறு நீலமாகவே இல்லை. சோப்பு நுரையும் பாசியும் கிழிந்த வேட்டித் துணியும் மிதந்து போயின. அதை எந்த வண்ணத்தில் தொடங்குவது என்றே தெரியவில்லை. போட்டதெல்லாம் சேறாக வந்தது. இருந்தாலும் விடாமல் போய்க்கொண்டிருந்தேன்.

பங்குனியில் ஒரு காலை, மைதானத்தில் விசிலை வாயில் வைத்தபடியே அவர் சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. வண்ணார்பேட்டை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, எந்நேரமும் நின்றுகொண்டே இருக்கும் மனிதரை இரண்டு பேர் தூக்கி ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள்.

அவருடைய அக்கா, என் மதினி, திசையன்விளையிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். சோறு ஊட்டுவது, துடைப்பது, கை கால்களை மடக்கி நீட்டுவது என்று எங்கள் இருவருக்கும் நாள் சரியாக இருந்தது. கான்வாஸ்களைக் கட்டிலுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். மதுரைக்கு ஃபோன் செய்து, இந்த வருடம் முடியாது என்றும் சொல்லிவிட்டேன்.

ஆடி மாதத்தில் ஒரு மதியம். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தலையணை மேல் அவர் வலது கை கிடந்தது. அது வீங்கியிருந்தது, நகங்கள் வெளுத்திருந்தன, விரல்கள் எதையோ பிடிக்கப் போய் மறந்துவிட்டவை போல மடங்கியிருந்தன. கையில் கிடைத்த ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைய ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்தபோது அவர் விழித்திருந்தார். இடது கையை நீட்டி உறையை வாங்கிப் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கதவருகே நின்ற மதினி என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார். "என்னத்த வரையுத நீ? ஒத்த ஆளாப் படம் போட்டு எப்ப மாட்டுவாங்கன்னு ஒனக்குத் தெரியாதா? உசுரோட இருக்கான்ளா எந்தம்பி."

"மாட்டதுக்கு இல்ல மதினி."

"பொறவு எதுக்கு?"

மதினி அழுதார், நானும் அழுதேன். அதோடு பென்சிலைத் தொடவில்லை. ஆனால் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. ஊட்டும்போது, சவரம் செய்யும்போது, அவர் வாயோரம் கீழிறங்கியிருப்பதையும் கன்னத்தில் வெளிச்சம் நிற்கும் இடத்தையும் கண் தானாக அளந்தது. இது பாசமா, வேறு ஏதாவதா என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

ஐப்பசி மழையில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒரு நாள் அவராகவே என்னைக் கூப்பிட்டார்.

"ஏளா. போடு."

"எத?"

"என்னய. நிக்க மாதிரி."

கட்டிலுக்குப் பின்னாலிருந்து பெரிய கான்வாஸை இழுத்தேன். மைதானம், விசில், காலடியில் பந்து, நிமிர்ந்த உடம்பு என்று நினைவிலிருந்தே இரண்டு வாரம் போட்டேன். சாயல் இருந்தது. ஆனாலும் மாலை போடக் காத்திருக்கும் படம் போலத்தான் வந்தது. அவருக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"யாரு இது?"

அவர் இடது கையால் தன் நாற்காலியின் கையைத் தட்டினார். "இங்கன. இருக்கபடிக்கே போடு."

அந்தக் கான்வாஸின் மேலேயே வெள்ளை பூசி மறுபடி தொடங்கினேன். தினமும் காலையில், அவர் முழங்கால் என் முழங்காலில் இடிக்கும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்து வரைந்தேன். மாலையும் கழுத்துமாக அவரைப் பார்த்த நாளிலிருந்து கூடவே இருக்கிறேன், அவர் இடப்புருவத்தில் ஒரு வெட்டு இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. "பந்து பட்டது. காலேஜில" என்றார். சில நாள் அவருக்குக் கோபம் வரும், போ என்பார், எழுந்து போய்விடுவேன். சில நாள் அவர் கண்ணில் நீர் வழியும். துடைக்கவா, வரையவா என்று திகைப்பேன். துடைத்துவிட்டுத்தான் வரைந்தேன்.

மார்கழியில் படம் முடிந்தது. அவர் பார்த்துவிட்டு, "மூக்கு பெருசு" என்றார். கொஞ்சம் கழித்து, "நாந்தான்" என்றார்.

மதினி கிட்டே வரவே தயங்கினார். பைய வந்து நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். "கோவமா இருக்கான்லா படத்துல" என்றார். "சின்னப் பிள்ளையில சோறு வேண்டாம்னா இப்பிடித்தான் பாப்பான்." சுவரில் மட்டும் மாட்டவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் படம் பீரோவில் சாய்ந்து நிற்கிறது.

வருடத்தில் முடித்தது அந்த ஒரு படம்தான். மதுரைக்கு அதைக் கொண்டுபோகும் எண்ணம் இல்லை, அவரும் கேட்கவில்லை. புது வருடத்துக்கு என்ன திட்டம் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அவர் வலது கையை மறுபடி வரைய வேண்டும். போன வாரம் கட்டைவிரல் லேசாக அசைந்தது. மதினி நம்பவில்லை. நான் பார்த்தேன்.