அல்சேஷனை நிற்கப் பழக்கியது

அன்றைக்கு நாய் ஷோ நடந்த மைதானத்தில் எங்கள் தரப்பில் இருந்தவர்கள் அப்பா, நான், எங்களைத் தன் ஆட்டோவில் கூட்டிவந்த மாமா, அப்புறம் நாய். அம்மா வரவில்லை. "நாய்க்கு பிரைஸ் வாங்க நீங்க போங்க. எனக்கு ரேஷன் கடையில கியூ இருக்கு" என்று சொல்லிவிட்டாள். நாயின் சொந்தக்காரரும் இல்லை. அவர் வெளிநாட்டுக்குக் குடிபோய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

அப்பா வாட்ச்மேனாக இருந்த பங்களா அவருடையது. போகும்போது அந்த அல்சேஷனைப் பதிவுப் பத்திரத்தோடு அப்பாவிடம் கொடுத்துவிட்டார். பங்களாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நாய் ஆகாது. அதனால் தொம்மலூரில் எங்கள் ஒற்றை அறைக்கு அது வந்தது. எங்கள் மூன்று பேர் சாப்பாட்டுச் செலவை அது ஒன்றே தின்றது. விற்றுவிடச் சொன்னாள் அம்மா. அப்பா அதன் முதுகைத் தடவிக்கொண்டிருப்பார்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் நாய் வளர்த்து விற்கும் ஒருவர் செருப்புக்காலோடு வந்து பார்த்தார். "நல்ல ஜாதிப்பா. ஷோவுல ஒரு ரிப்பன் வாங்கட்டும், என் பெட்டைங்களுக்குச் சேத்துக்கறேன். தீனிக் காசு என்னுது" என்றார். நாய் எங்களோடு இருக்க அந்த ஒரு வழிதான் இருந்தது.

வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். காலேஜ் லைப்ரரியில் புத்தகம் தேடி எடுத்துப் படித்தேன். நாய் வட்டமாக ஓட வேண்டும். பிறகு பின்னங்கால் ஒன்றை நீட்டி அசையாமல் நிற்க வேண்டும்; நடுவர் பல்லையும் முதுகையும் தொட்டுப் பார்ப்பார். எங்கள் சந்தில் காலை நேரங்களில் பழக்கினேன். மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவராக வருவார். வாயைத் திறந்து பார்த்து, "பீடி பழக்கம் இல்ல. பாஸ்!" என்பார். நாய் சிலைபோல நிற்கும்.

மைதானத்தில் அது ஓடிய அழகுக்கு யாரோ கைதட்டினார்கள். வரிசையில் நிறுத்தினேன். நின்றது. கோட்டும் டையும் பளபளக்கும் ஷூவுமாக நடுவர் எங்களை நோக்கி வந்தார். நாய் படுத்துவிட்டது. முன்னங்கால்களுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டது.

தூக்கி நிறுத்தினேன். அவர் இன்னொரு அடி வைத்தார். மறுபடி படுத்தது.

கயிற்றுக்கு வெளியே நின்ற அப்பாவைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பங்களாவில் காரை விட்டு யாராவது ஷூக்காலோடு இறங்கினால் நாய் உடனே படுக்க வேண்டும். ஒரு தடவை விருந்தாளி பயந்து கத்தியதில் அப்பாவுக்கு வேலையே போகப் பார்த்தது. அதற்கப்புறம் வருஷக்கணக்காக அப்படிப் பழக்கியிருந்தார். எங்கள் சந்துக்கு ஷூ போட்டவர் யாரும் வந்ததில்லை.

"எழுந்திருடா கண்ணு, சார் ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்று அப்பா கெஞ்சினார். சுற்றிலும் சிரித்தார்கள். நாய் அவர் குரலுக்கு வாலை மட்டும் ஆட்டியது. நடுவர் பொறுமையானவர். பின்னால் போய்த் திரும்ப வந்து பார்த்தார். கடைசியில் "சாரி" என்று சொல்லிவிட்டு அடுத்த நாயிடம் போனார். நான் "தேங்க்யூ சார்" என்றேன்.

ரிச்சர்ட்ஸ் டவுன்காரர் காத்திருந்தார். "என்னப்பா, நாயா இது, பியூனா?"

"அடுத்த ஷோவுக்குள்ள சரி பண்ணிடறேன் சார்."

"பழகிப்போச்சுப்பா. இனிமே மாறாது. நீ படிக்கிற வேலையப் பாரு."

ஆட்டோவில் நாயின் தலை அப்பா மடியில் இருந்தது. "கேட்ல யாரும் அத அடிச்சிடக் கூடாதுன்னுதான் பழக்கினேன்" என்றார்.

அடுத்த மாதம் ஆனேக்கல் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் காவலுக்கு நாய் கேட்டார். அப்பா காசு வாங்க மறுத்துவிட்டார். கொண்டுபோய் விட்டபோது அந்த மனிதர் ஷூ போட்டிருந்தார். நாய் அவர் முன்னால் படுத்துக்கொண்டது. நாங்கள் கேட்டைத் தாண்டும்வரை அது எழுந்திருக்கவில்லை.

நுழைவுக் கட்டணம், புதுச் சங்கிலி, ஷாம்பு, மாமாவுக்கு பெட்ரோல், ஆனேக்கல்லுக்கு வண்டி வாடகை. அடுப்படியில் உட்கார்ந்தபடியே அம்மா வாயால் கூட்டிச் சொன்னாள்: அறுநூற்று நாற்பது ரூபாய்.